நாளுக்கு நான்கு முறை வந்த பாட்டு

நான் எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்கக் குறிப்பினால் ஒரு பெண்மணி இருபத்தேழு ஆண்டுகளாக உட்கார்ந்திருந்த தையல் இயந்திரத்தை இழந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. பின்னால் தள்ளிப்போட்டால், அதற்குள் என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தைகளை நானே சொல்லிவைத்து, படிப்பவரை என் பக்கம் சாய்த்துவிடுவேன். அந்தச் சாய்வு எனக்கு வேண்டாம். அதற்கு நான் தகுதியானவனும் அல்ல.

ஆம்பூரை ஒட்டிய ஒரு காலணித் தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் பொறுப்பு என்னுடையது. யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார், யாருக்கு விடுப்பு, யாருக்கு இடைவேளைச் சீட்டு என்பதெல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் செல்ல வேண்டும். தமிழிலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவன் நான். கல்லூரி ஆசிரியர் பணிக்குக் காத்திருந்த நாட்களில் தற்காலிகம் என்று சொல்லிக்கொண்டு இங்கே நுழைந்தேன். அந்தத் தற்காலிகம் ஓய்வு வயதையும் தாண்டி, ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்புப் பெற்று, என் அறுபத்தெட்டாம் வயதிலும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. படித்த படிப்புக்கு இந்த இடத்தில் வேறு பயன் இல்லாததால், என் எழுத்தின் சுத்தத்தையாவது காப்பாற்றி வந்தேன். நான் எழுதிய குறிப்பு ஒன்றுகூட இத்தனை ஆண்டுகளில் திருத்தப்பட்டதில்லை. அதை ஒரு சொத்தாகவே நினைத்திருந்தேன்.

என் அறைக்கும் அப்பர் செக்ஷனுக்கும் இடையில் ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும்தான். அப்பர் செக்ஷன் என்பது காலணியின் மேற்பாகத்தைத் தைத்துச் சேர்க்கும் பெருங்கூடம். நான்கு வரிசைகளில் பெண்கள் உட்கார்ந்து தைப்பார்கள். டெய்லர் என்றுதான் அவர்களை இங்கே அழைப்போம். ஒருவர் தைத்து முடித்த துண்டு பிளாஸ்டிக் தட்டில் அடுத்தவர் கைக்குப் போகும். அவர் தம் பங்கைத் தைத்து அதற்கு அடுத்தவருக்குத் தள்ளுவார். யார் முன்னால் தட்டில் துண்டுகள் குவிகின்றனவோ அவரிடம் சூப்பர்வைசர் வந்து நிற்பார். குவியல்தான் அந்தக் கூடத்தில் குற்றப்பத்திரிகை.

கூடத்தில் கடிகாரம் கிடையாது. எல்லோரும் அதையே பார்க்கிறார்கள் என்று முன்பிருந்த மேனேஜர் ஒருவர் கழற்றச் சொல்லிவிட்டார். கைப்பேசிகளைக் காலையிலேயே வாசலில் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவோம். பேசவும் கூடாது. இவ்வளவையும் எடுத்துக்கொண்டதற்கு ஈடாகக் கம்பெனி கொடுத்தது ரேடியோ. பழைய பாடல்கள் மட்டும் ஒலிபரப்பும் ஒரு தனியார் பண்பலை வானொலியை ஒலிபெருக்கிகளில் இணைத்திருந்தார்கள். அந்த ரேடியோவும் அதன் விசையும் என் அறையில், என் தலைக்கு மேல் இருந்த பலகையில் இருந்தன. காலை எட்டரைக்குப் போட வேண்டும், மாலை ஐந்தரைக்கு நிறுத்த வேண்டும். இடையில் நிறுத்த எனக்கு அதிகாரமில்லை.

பழைய பாடல்கள் என்றால் ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இருபத்தைந்து அல்லது முப்பது பாடல்கள்தான். அவற்றையே காலையில் ஒரு சுற்று, மதியத்துக்கு முன் ஒரு சுற்று, பிற்பகலில் இரண்டு சுற்று என்று விட்டுக்கொண்டிருப்பார்கள். நடுநடுவே நகைக்கடை விளம்பரம். முதல் ஆண்டு எரிச்சல் வந்தது. இரண்டாம் ஆண்டு எரிச்சலும் தேய்ந்துபோய், பாட்டின் சொற்களுக்குள் நான் போய்ச் சிக்கிக்கொண்டேன். திரைப்பாட்டை இலக்கியமாக நான் மதித்ததில்லை. மதிக்காத ஒன்றை நாளுக்கு நான்கு முறை கேட்க நேர்ந்தவன், அதில் பொருள் தேடாவிட்டால் மனம் பேதலித்துப் போவான்.

ஒரு பாட்டில் கப்பலேறிப் போன கணவனுக்கு மனைவி மூன்று கடிதங்கள் எழுதுகிறாள். இரண்டில் என்ன எழுதினாள் என்று சொல்கிறாள். மூன்றாவதைப் பற்றி மூச்சே இல்லை. இன்னொன்றில் ஏழு மலை தாண்டி வந்த காதலன் கதவைத் தட்டாமல் திரும்பிப் போகிறான். ஏன் போனான் என்று சொல்ல வேண்டிய இடத்தில் யாரோ புல்லாங்குழல் வாசிக்கிறார்கள். வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டே இவற்றை நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன் என்பதை இப்போதுதான் முதன்முதலாக ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் அலைக்கழித்தது பூட்டிய வீட்டுப் பாட்டு. கோபித்துக்கொண்டு போனவன் இனி வரக் கூடாது என்று ஒருத்தி வீட்டைப் பூட்டிச் சாவியை ஆற்றில் எறிந்துவிட்டதாகப் பாடுகிறாள். அடுத்த சரணம் தொடங்கும்போது அவன் அதே வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவளே பரிமாறுகிறாள். உள்ளே எப்படி வந்தான்? பாட்டு முழுவதிலும் அதற்கு விடை இல்லை.

இந்தக் கேள்வி என்னை மட்டும் பிடித்திருந்ததாக நினைத்தேன். ஒருநாள் தேநீர் இடைவேளையில் மூன்றாம் வரிசைப் பெண்கள் இதே வழக்கை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஓட்டப் பிரிச்சிக்கினு எறங்கியிருப்பான்க்கா."

"அவன் சைஸுக்கு ஓடு தாங்குமா? மாமியாகாரி பின்பக்கமா தொறந்து வுட்டிருப்பா. எந்த வூட்ல மருமவ பூட்டனா பூட்டு நிக்குது?"

"ஆத்துல தண்ணியே இருந்திருக்காது. நம்ம பாலாறு கணக்கா. எறங்கி எடுத்துக்கினு வந்துட்டான்."

சிரிப்பு அடங்கியதும் ஒருத்தி என்னைக் கண்டுவிட்டாள். "சார் பெரிய படிப்புப் படிச்சவரு. சாரக் கேளுங்க."

கேட்டார்கள். என் படிப்புக்கு அந்தக் கூடத்தில் கிடைத்த முதல் அழைப்பு அது. கையிலிருந்த தம்ளரை வைத்துவிட்டு விளக்கத் தொடங்கினேன். வீடு என்பது வீடு அன்று, அவள் நெஞ்சம். ஆற்றில் எறியப்பட்டது அவளுடைய ஊடல். தலைவி ஊடுவதும் தலைவன் வாயில் வேண்டுவதும் நம் அகமரபில் வழிவழியாக வருவன. பூட்டு, சாவி என்று நேர்ப்பொருள் கொள்வது பாமரத்தனம். இடைவேளை முடியும் மணி அடிக்கும் வரை பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைவு.

மணி அடித்து எல்லோரும் எழுந்த பிறகு, வரிசையிலேயே மூத்தவரான ஓர் அம்மாள், மாதனூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர், தம் தம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"சார், நடுவுல ஒரு சரணம் இருக்குது. ரேடியோல அத வெட்டிட்டு வெளம்பரம் போடறான். எங்க வூட்டுக் கல்யாணத்துல மைக் செட்டு கட்டி முழுப் பாட்டும் போட்டாங்க, கேட்டிருக்கேன். அவ ரெண்டு சாவி வச்சிருந்தா சார்."

கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை, அதை இப்போது என்னால் சொல்ல முடிகிறது. அன்று அப்படித் தெரியவில்லை. "ஒண்ண ஆத்துல போட்டா, ஒண்ண கூரை எரவாணத்துல சொருகிட்டா. அவனுக்கும் அது தெரியும்," என்று சொல்லிவிட்டு இயந்திரத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

வீட்டுக்குப் போனதும் கைப்பேசியில் முழுப் பாட்டையும் தேடிக் கேட்டேன். அவர் சொன்னது சரி. வெட்டப்பட்ட சரணம் தெளிவாகவே இருந்தது. உவமையோ உட்பொருளோ தேவைப்படாத நேரான சரணம். மறுநாள் போய், "நீங்கள் சொன்னதுதான் சரி அம்மா" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வாரத்திலேயே எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் கூட்டத்தில், நான் கேட்கவில்லை என்ற நினைப்பில் ஒருத்தி, "சீக்கிரம் வாடி, ரெண்டு சாவி வந்து உக்காந்துட்டாரு" என்றாள். அதற்கு எழுந்த சிரிப்பை, வருகை இயந்திரத்தின் அருகே நின்று, முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டுக்கொண்டேன்.

அடுத்து நடந்ததற்கு இது காரணமா என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியவில்லை.

சில வாரங்கள் கழித்து மேனேஜர் என்னை அழைத்தார். என்னைவிட முப்பது வயது இளையவர். வீட்டில் உருது, எங்களிடம் தமிழ். மரியாதை குறையாதவர்.

"சார், மூணாவது லைன்ல பதினோரு மணி, மூணு மணின்னு தெனம் நாலு வாட்டி பீஸ் கம்மியாவுது. மத்த நேரம் கரெக்டா வருது. சூப்பர்வைசரக் கேட்டா மிஷின் பழசுன்றான். நீங்க கண்ணாடிக்கிட்டயே உக்காந்திருக்கீங்க. நாலு நாள் பாத்து எழுதிக் குடுங்க. நீங்க எழுதினா ஒரு வார்த்த ஜாஸ்தி இருக்காது."

நாலு நாள் பார்த்தேன். கைக்கடிகாரத்தை மேசையில் கழற்றி வைத்துக்கொண்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு பார்த்தேன். விடை இரண்டாம் நாளே கிடைத்துவிட்டது. பூட்டிய வீட்டுப் பாட்டு தொடங்கியதும் மாதனூர் அம்மாளின் கை நின்றது. ஊசிக்கு அடியில் துண்டு அப்படியே கிடக்க, அவர் நிமிர்ந்து உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து நகைக்கடை விளம்பரம் வந்ததும் மறுபடி தைத்தார். அந்தப் பாட்டு வந்த ஒவ்வொரு முறையும் இப்படியே. ஒரு முறையும் தவறவில்லை.

ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தேதி, நேரம், கை நின்ற நிமிடங்கள் என்று கண்டதைக் கண்டபடி எழுதினேன். பாட்டைக் கேட்பதற்காக இவர் வேலையை நிறுத்துகிறார் என்பது முடிவுரை. அந்தக் குறிப்பில் பொய்யான வாக்கியம் ஒன்றும் இல்லை. கேட்பதற்காக என்ற ஒரு காரணத்தை மட்டும் நான் கண்ணால் காணவில்லை. அதை நானாகப் போட்டேன். அந்தப் பாட்டின் மேல் அவருக்குத் தனிப் பற்று என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. முழுப் பாட்டையும் மனப்பாடமாக வைத்திருந்தவர் அல்லவா! எழுதி முடித்ததும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். நேர்த்தியாக இருந்தது. அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

மூன்று நாட்களில் அவரை இயந்திரத்திலிருந்து எழுப்பி, நூல் வெட்டும் மேசைக்கு அனுப்பினார்கள். தைத்து வந்த துண்டுகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் நுனிகளைச் சின்னக் கத்தரியால் வெட்டும் வேலை. வேலைக்குப் புதிதாக வருபவர்களை முதலில் நிறுத்தும் இடம் அது. நிறுத்தும் இடம் என்றால் உண்மையிலேயே நிறுத்தும் இடம். அங்கே நாற்காலி கிடையாது. இருபத்தேழு ஆண்டு டெய்லராக இருந்தவர் பதினெட்டு வயதுப் பெண்களுக்கு நடுவில் நின்றார். அவருடைய இயந்திரத்தில் வேகமான கை ஒன்றைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள்.

அன்று பதினோரு மணிக்கு அந்தப் பாட்டு வந்தது. நான் தற்செயலாக நிமிர்ந்தேன். புதிதாக உட்கார்ந்தவரின் கை நிற்கவில்லை. சொல்லிவைத்தாற்போல் துண்டுகள் அடுத்த தட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த அடுத்த இடத்தில் இருந்தவள் ஓர் இளம்பெண், அணைக்கட்டுப் பக்கம். குதிகால் வளைவில் உட்புறத் தோலைச் சேர்த்துத் தைப்பது அவள் வேலை. பாட்டு தொடங்கியதும் அவள் தலை தானாக இடப்பக்கம் திரும்பியது. பழைய இடத்தில் பழைய முகத்தைத் தேடியது போல இருந்தது. பிறகு அவசரமாகக் குனிந்துகொண்டாள். பாட்டு முடிவதற்குள் அவள் தட்டு நிறைந்து, மேலே குவிந்து, இரண்டு துண்டுகள் தரையில் விழுந்தன. சூப்பர்வைசர் வந்து நின்றார்.

 அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. இரண்டு மாதம் முன்பு ஒரு காலையில் வருகை இயந்திரம் அவள் ஆள்காட்டி விரலை ஏற்க மறுத்தது. விரலில் பிளாஸ்திரி. "வேற வெரல பதிஞ்சிக்க முடியுமா சார்?" என்று கேட்டாள். மோதிர விரலைப் பதிந்துகொடுத்தேன். என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

மதிய உணவு நேரத்தில் நூல் வெட்டும் மேசைக்குப் போனேன். அத்தனை ஆண்டுகளில் நானாக அந்தப் பக்கம் போனது அதுவே முதல்முறை. அம்மாள் சுவரோரம் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் போனார். வேண்டாம் என்றேன்.

"அந்தப் பாட்டு வரும்போது ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டேன். எப்போதும் எழுதுவது போலவே பேசிப் பழகிவிட்ட வாய் எனக்கு.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "எழுதிட்டீங்களே சார், பாட்டுக் கேக்கறன்னு."

"காரணம் அதுவல்ல என்று தோன்றுகிறது."

"பாட்டா! அய்ய, அத்தக் கேட்டுக் கேட்டு பேஜாராய்ட்சு சார் எனக்கு. காதுல பஞ்சு வச்சிக்கலாமான்னு இருக்கும்." சிரித்துவிட்டுக் குரலைத் தணித்தார். "அந்தப் பொண்ணுக்கு வெரல்ல ஊசி ஏறிடிச்சி. நகத்தோட. ஃபர்ஸ்ட் எய்டுல போனா எழுதிக்குவாங்க, மிஷின வுட்டு எழுப்பிடுவாங்கன்னு மறச்சிட்டா. வளைவுல வெரலு மடங்கல. வெரசா வராது. தட்டு ரொம்பிடும். அவன் வந்து நின்னு கத்துவான். அதான், நான் கொஞ்ச நேரம் கைய நிறுத்திக்குவேன், நீ எடுத்து முடிச்சிடுன்னு பேசிக்கினோம்."

"அதற்கு அந்தப் பாட்டு எதற்கு?"

"இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க? கடியாரம் கெடையாது. திரும்பிப் பேசினா திட்டு. ஒரு நாளைக்கு நாலு வாட்டி தப்பாம வர்றது அது ஒண்ணுதான். அது வந்தா நான் நிறுத்தணும், அவ ஓட்டணும். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்க வேணாம். என் தட்டுல குவியறத அப்பறமா நான் வெரசா ஓட்டிடுவேன்."

  இப்போதே போய் மேனேஜரிடம் சொல்கிறேன் என்றேன்.

அவர் என் சட்டைக் கையைப் பிடித்துவிட்டார். "இன்னான்னு சொல்வீங்க? வெரலச் சொன்னாதான என் கதை வெளங்கும்? சொன்னா அவ போய்டுவா சார். அவ புருஷனுக்கு வேல இல்ல. கைக்கொழந்த வேற. வேணாம். நீங்க எழுதினது ஒண்ணும் பொய்யில்ல. கை நின்னுச்சி, நெசந்தான."

பொய்யில்லை என்று அவர் சொன்னது என்னைத் தேற்றுவதற்காக. எனக்கு அதைவிடக் கொடிய தீர்ப்பு இல்லை.

விரலைச் சொல்லாமலே அவரைத் திருப்பி உட்காரவைக்க ஒரு வழி இருந்தது. அது என்ன என்பது அங்கிருந்து திரும்பி என் நாற்காலிக்கு வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சரியாகப் பார்க்கவில்லை, நான் குறித்த நேரங்கள் தவறு, வயதாகிவிட்டது, என் குறிப்பைத் தள்ளிவிடுங்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். மூன்று வரி. அந்த மூன்று வரியால் போகக்கூடியது என் பெயர் ஒன்றுதான்.

எழுதினேன். அன்றே எழுதினேன். மறுநாள் அதைப் படித்தபோது கண் மங்கியவன் கெஞ்சுவது போல இருந்தது. கிழித்துவிட்டு வேறு மாதிரி எழுதினேன். அதில் பழி சூப்பர்வைசர் மேல் விழுந்தது, அதையும் கிழித்தேன். மூன்றாவதில் சொற்கள் நன்றாக அமைந்திருந்தன, ஆனால் தவறு செய்தவன் நான் என்பது எந்த வாக்கியத்திலும் இல்லை. ஒவ்வொரு நாளும் மேனேஜர் அறைக்கதவு வரை மனம் போகும், கால் போகாது. நீட்டிப்பு கிடைக்காது என்ற பயம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அதைவிடப் பெரிதாக, ரெண்டு சாவி சார் ரெண்டாவது தடவையும் தப்பு பண்ணிட்டாராம் என்ற பேச்சு என் காதில் முன்கூட்டியே கேட்டது. இல்லாத சிரிப்புக்கு அஞ்சி, இருக்கிற ஒருவரைப் பன்னிரண்டு நாள் நிற்கவைத்தேன்.

அந்தப் பன்னிரண்டு நாளும் ரேடியோ என் தலைக்கு மேல் பாடிக்கொண்டிருந்தது. நாளுக்கு நான்கு முறை அவள் வீட்டைப் பூட்டினாள். நான்கு முறையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டு நிறைந்தது. கண்ணை மூடிக்கொண்டாலும் எந்த அடியில் குவியல் எவ்வளவு உயர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தலைக்கு மேல் கையை உயர்த்தினால் விசை எட்டும். எனக்கு அதிகாரமில்லை என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அணைத்தாலும் பயனில்லை என்பதும் உண்மைதான். என் வாழ்க்கையில் இத்தகைய உண்மைகளுக்குக் குறைவே இருந்ததில்லை.

பதின்மூன்றாம் நாள் அம்மாள் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான்காவது நாளும் அவர் பெயருக்கு நேரே வராதவர் என்ற குறியை நானே போட்ட பிறகு, பேனாவை மூடிவிட்டு மேனேஜர் அறைக்குப் போனேன். கையில் தாள் எதுவும் இல்லை.

"மூன்றாம் வரிசை பற்றி நான் கொடுத்த குறிப்பில் பிழை இருக்கிறது. தவறு என்னுடையது. அந்த அம்மாளை மறுபடி இயந்திரத்தில் அமர்த்த வேண்டும்," என்றேன். 

அவர் கணினியிலிருந்து கண்ணை எடுத்து யோசித்தார். "எந்த நோட் சார்?"

சொன்னேன்.

"ஓ, அதுவா! அத நான் முழுசாக்கூடப் படிக்கல சார். கடைசி லைன் மட்டும் பாத்தேன். அந்தம்மாவ எப்படியும் மாத்தறதாதான் இருந்துச்சி, வயசாய்ட்டுதுல்ல." பிறகு என் முகத்தைப் பார்த்து, ஆறுதலாக, "நீங்க ஏன் சார் ஃபீல் பண்றீங்க? அவங்களே வேலய வுட்டு நின்னுட்டாங்க. முழங்கால் வலி, நிக்க முடியலன்னு பஸ்ல வர்ற பொண்ணுகிட்ட சொல்லி வுட்டுட்டாங்க. அந்த சீட்டுல இப்ப ஆள் நல்லா ஓட்டறாங்க. அதுக்குப் பக்கத்து சீட்டுதான் பிரச்சனை. அதையும் பாத்துக்கினு இருக்கோம்."

பக்கத்து சீட்டு. அங்கேயாவது நான் ஏதேனும் சொல்லியிருக்க வேண்டும். விரல் ஆறும்வரை வேறு இலகுவான தையலுக்கு மாற்றச் சொல்லியிருக்கலாம். நான் கேட்டால் அவர் யோசித்திருப்பார், மரியாதை உள்ளவர். ஆனால் முழுசாகக்கூடப் படிக்கவில்லை என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். நாலு நாள் கடிகாரம் வைத்து எழுதியதை, ஒரு பெண்ணின் இடத்தைப் பறித்ததை, பன்னிரண்டு நாள் என் தூக்கத்தைத் தின்றதை அவர் படிக்கவே இல்லை. நான் காப்பாற்றிய பெயர் அந்த அறையில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. வெட்கக்கேடு என்னவென்றால், அந்த நொடியில் எனக்கு வலித்தது அதுதான். அம்மாளும் நினைவில் இல்லை, அந்தப் பெண்ணும் நினைவில் இல்லை. சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அதன்பின் மூன்று வாரம் கழிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில், பஸ்கள் வருவதற்கு முன், அந்த இளம்பெண் என் மேசைமுன் வந்து நின்றாள். கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி வைத்தாள். விரலில் பிளாஸ்திரி இல்லை. நகம் கோணலாக, கறுத்து வளர்ந்திருந்தது.

"நூல் வெட்டப் போன்னு சொன்னாங்க சார். கைக்கொழந்தய வுட்டுட்டு வந்து நாள் பூரா நிக்க முடியாது. நான் நின்னுக்கறேன்."

"பெரியம்மா எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். அவளுக்கு அவர் பெரியம்மா முறை இல்லை. எனக்கு வேறு எப்படிக் குறிப்பிடுவது என்று தெரியவில்லை.

"யாரு, அக்காவா? வூட்ல பீடி சுத்தறாங்களாம். போன் பண்ணாங்க." பிறகு, "எனக்காவதான் அக்கா போனாங்க. நானும் இருந்து காட்டல பாருங்க," என்றாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் செய்ய ஏதாவது இருந்திருக்கும், தண்ணீர் கொடுத்திருப்பேன். விலகல் படிவத்தை எடுத்துப் பெயரையும் ஊரையும் நிரப்பினேன். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது.

"இதில் என்ன எழுதட்டும்?"

"நீங்களே எழுதிடுங்க சார். நீங்க நல்லா எழுதுவீங்கன்னு சொல்வாங்க."

அதில் குத்தல் இருந்ததா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவள் ஜன்னல் பக்கம் பஸ் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊசி என்று எழுதலாமா என்று நினைத்தேன். எழுதினால் காயத்தை மறைத்ததற்காக, வரவேண்டிய அனுபவச் சான்றிதழையும் நிறுத்திவைப்பார்கள். என் குறிப்பு என்று எழுதலாமா என்று நினைத்தேன். அப்படி ஒரு காரணத்தைப் படிவம் ஏற்காது, படிப்பவரும் இல்லை. பேனா தாளின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, இந்த நாற்காலியில் ஆயிரம் முறை எழுதியதையே எழுதினேன்: சொந்தக் காரணம்.

அவள் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.